மாடு மேயும் காடும் மாடு படுக்கும் இடமும்

காங்கேயம் பக்கம் 6 ஏக்கர் கொறங்காடு வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருந்தார். அப்பா காலத்திலிருந்து மாடும் செம்மறியும் மேய்கிற காடு. இப்போது புல் திட்டுத்திட்டாகத்தான் இருக்கிறது, மண் கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது, மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் ஓடிவிடுகிறது. மாடு மிதித்து மிதித்துத்தான் மண் கெட்டது, ஐந்து வருஷம் மேய்ச்சலே வேண்டாம் என்று ஒருவர் சொல்கிறார். மாட்டை நெருக்கி அடைத்து நன்றாக மிதிக்க விட்டால்தான் மண் உயிர் பெறும் என்று இன்னொருவர் வீடியோ அனுப்புகிறார். எதைக் கேட்பது?

இரண்டு பேருமே குளம்பைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் மாட்டின் வாயைப் பார்ப்பேன். அப்புறம், அது ராத்திரி எங்கே படுக்கிறது என்று பார்ப்பேன். குளம்பு மூன்றாவதுதான்.

கொறங்காடு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கொங்கு நாட்டில் காடு என்றால் வானம் பார்த்த நிலம், யானையைத் தேட வேண்டாம். திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில், சொந்தப் பட்டா நிலத்தையே மேய்ச்சலுக்கென்று ஒதுக்கி வைத்திருப்பதுதான் கொறங்காடு. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மழை வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் சுமாருக்கு, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில். மண் செவ்வல், சரளை. கொஞ்சம் தோண்டினால் ஓடைக்கல் என்கிற சுண்ணாம்புக்கல் தட்டும். காங்கேயம் மாடு இந்தப் புல்லைத் தின்று வளர்ந்த மாடு. ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த வேலிதான். கடவை (வேலி வாசலை) எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது. கிளுவை வேலி ஊரார் மாட்டை வெளியே நிறுத்துவதற்கு மட்டுமல்ல, சொந்த மாட்டையும் வெளியே நிறுத்தத்தான்.

சரி, வாய்க்கு வருவோம். வேருக்கு வேண்டிய உணவு இலையில்தான் தயாராகிறது. மாடு இலையைக் கடித்ததும் கையிருப்பில் உள்ளதைப் புல் புது இலை விடத் திருப்பிக்கொள்கிறது, வேர் பட்டினி கிடக்கிறது. எவ்வளவு கடித்தால் வேர் நிற்கும் என்பதை அமெரிக்க வேளாண்மைத் துறையின் பிராங்க்ளின் கிரைடர் புல்லை அளந்து வெட்டி வெட்டிப் பார்த்து 1955-இல் வெளியிட்டார். 40 சதவீத இலையை எடுத்தபோது வேர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. பாதியை எடுத்தபோது நூற்றில் இரண்டு முதல் நான்கு வேர்தான் வளர்ச்சியை நிறுத்தியது. 60 சதவீதம் எடுத்தபோது வேர்களில் பாதி நின்றன. 80 சதவீதத்தை வெட்டியபோது எல்லா வேரும் நின்று, 12 நாள் அப்படியே கிடந்தன. 90 சதவீதத்துக்கு 17 நாள். அவை வேறு நாட்டுப் புற்கள், கொழுக்கட்டைப் புல்லுக்கு நாள் கணக்கு மாறலாம். ஆனால் அந்த எண்களின் போக்கைப் பாருங்கள். பாதிவரை சமதளம், அதைத் தாண்டினால் கிணறு. "இன்னும் ரெண்டு நாள் மேயட்டுமே" என்று விடுகிற அந்த இரண்டு நாளில்தான் காடு கெடுகிறது.

புல்லின் வேர் நின்றால் மண்ணுக்கு என்ன? செவ்வல் மண்ணுக்கு அதுதான் எல்லாம். கரிசல் மண் வெயிலில் தானாக வெடிக்கும், மழையில் தானாக உப்பும். இறுகினாலும் ஒரு கோடை, ஒரு மழையில் தன்னைத் தானே ஓரளவு பிரித்துப் போட்டுக்கொள்ளும். குளிர்நாட்டு மண்ணை உறைபனி பிளந்துவிடும். செவ்வலுக்கு இந்த இரண்டு வசதியும் இல்லை. ஒருமுறை இறுகினால் அதைத் திறக்க வேர், கறையான், மண்புழு, சாணிவண்டு இவற்றை விட்டால் ஆளில்லை. புல்வேர்கள் மண்ணுக்குள் நுழைந்து, செத்து, மக்கிப் போன தடங்கள்தான் மழைநீர் இறங்குகிற குழாய்கள். புது வேர் வராவிட்டால் பழைய குழாய்கள் தூர்ந்துபோகும், அவ்வளவுதான். மாடு மிதிக்காவிட்டாலும் அது நடக்கும்.

இலை போனதும் இன்னொன்றும் நடக்கிறது. வெற்று மண்ணின் மேல் மழைத்துளி நேராக விழுந்தால் மண்கட்டி சிதறி, நுண்துகள் துளைகளை அடைத்து, காய்ந்ததும் மேலே அப்பளம் மாதிரி ஒரு ஓடு கட்டிவிடும். தரையில் பாதிக்கு மேல் புல்லோ சருகோ மூடியிருக்கும்வரை மண் அரிப்பு அடங்கிக் கிடக்கும், மூடாக்கு பாதிக்குக் கீழே போனால் அரிப்பு கிடுகிடுவென ஏறும். உங்கள் காட்டில் தண்ணீர் இறங்காமல் ஓடுவதற்கு ஆழமான இறுக்கத்தைவிட இந்த ஓடுதான் காரணமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். விரல் நகத்தால் பெயர்த்துப் பாருங்கள். மேலே மெல்லிய தகடாகப் பெயர்ந்து, கீழே மண் பொலபொலவென்று இருந்தால் அது ஓடு.

நல்ல செய்தி, உங்கள் புல் லேசுப்பட்டதல்ல. கொழுக்கட்டைப் புல்லின் தண்டு அடியில் கொஞ்சம் பருத்திருக்கும், மாவுச்சத்துக் கையிருப்பை அது அங்கேதான் வைத்திருக்கிறது. எட்டு மாதக் காய்ச்சலைத் தாங்கி ஒரு மழைக்குத் துளிர்ப்பது அதனால்தான். ஆஸ்திரேலியாவிலும் அரிசோனாவிலும் இதே புல் பாலைவனத்தையே பிடித்துக்கொண்டதென்று களையெடுக்கிறார்கள், நாம் இங்கே போய்விட்டதென்று அழுகிறோம். அந்த அடித்தண்டுக் கையிருப்பு மிகவும் குறைந்திருப்பது எப்போது தெரியுமா? முதல் மழைக்கு முதல் பச்சை வந்த அந்த இரண்டு மூன்று வாரத்தில். இருப்பதையெல்லாம் செலவழித்து இலையை விட்டிருக்கும், இலை இன்னும் சம்பாதிக்க ஆரம்பித்திருக்காது. கோடை முழுதும் சோளத்தட்டுக்கும் வைக்கோலுக்கும் காசு கொடுத்து அலுத்த நாம் கடவைத் திறந்துவிடுவதும் சரியாக அந்த நேரத்தில்தான். நானும் செய்திருக்கிறேன். மாட்டின் எலும்பைப் பார்த்துக்கொண்டு கடவை அடைத்து வைப்பது சுலபமில்லை.

குளம்பை அப்படியே விட்டுவிடவும் முடியாது. 350 கிலோ மாடு நான்கு காலில் நிற்கும்போது சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றேகால் கிலோ சுமாருக்கு மண்ணை அழுத்தும். நடக்கும்போது அதே சுமையை இரண்டு மூன்று கால்களே தாங்குவதால் அழுத்தம் இன்னும் கூடும். டிராக்டர் சக்கரம் கொடுக்கும் அழுத்தத்துக்கு இது குறைந்ததில்லை. செம்மறியுடையது இதில் பாதிக்குப் பக்கம். ஆனால் சக்கரத்தின் பாரம் ஆழமாக இறங்கும், குளம்பினுடையது மேல் 10 சென்டிமீட்டரோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். காய்ந்த செவ்வலில் மாடு நடந்தால் மேல்புழுதி கிளம்பும், காற்றுக் காலத்தில் அது பறக்கும், மற்றபடி பெரிய இறுக்கம் வராது. மண்ணில் ஈரம் இருக்கும்போதுதான் கெடுதல். சொதசொதப்பாக இருந்தால் சேறாக மிதிபட்டுக் கட்டமைப்பு குலையும். அதைவிட மோசம், மழை விட்டு ஒன்றிரண்டு நாளில் வரும் புட்டுப்பதம். பிடித்தால் உருண்டையாக நிற்கிற அந்தப் பதத்தில்தான் துகள்கள் வழுக்கி நெருங்கி உட்காரும். செங்கல் அறுக்கிறவர்களிடம் கேளுங்கள், மண் எந்த ஈரத்தில் அச்சில் நன்றாக உட்காரும் என்று. நம் செவ்வல் சரளை சீக்கிரம் வடிவதால் நல்ல மழைக்குப் பின் நான்கைந்து நாள் கடவை அடைத்து வைத்தாலே பெரும்பகுதி தப்பிக்கும். குளம்பைப் பற்றி இதற்கு மேல் கவலைப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இனிதான் எனக்கு முக்கியமாகப் படுவது. மாடு தின்கிற தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்தில் மிகப் பெரும்பகுதி சாணியாகவும் கோமியமாகவும் வெளியே வந்துவிடுகிறது. வளர்ந்த மாட்டின் உடம்பில் தங்குவதும் பாலில் போவதும் கொஞ்சம். ஆக, மேய்ச்சல் மண்ணின் சத்தைத் தின்றுவிடுவதில்லை, இடம் மாற்றுகிறது. புல்லிலிருந்து எடுத்ததை அதே காட்டில் பரவலாகப் போட்டால் கணக்கு நேராகிவிடும். ஆனால் மாடு அப்படிப் போடுவதில்லை. எங்கே அதிக நேரம் நிற்கிறதோ, படுக்கிறதோ அங்கேதான் போடும். உச்சி வெயிலில் வெள்வேல மர நிழலில், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, கடவு ஓரத்தில். அந்த மூன்று இடத்திலும் புல் கருகருவென்று நிற்பதையோ, அல்லது மிதிபட்டுப் புல்லே இல்லாமல் சாணி மட்டும் கிடப்பதையோ நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆறு ஏக்கரின் சத்தை மாடு அரை ஏக்கரில் கொண்டுவந்து குவிக்கிறது.

அதுவாவது காட்டுக்குள் இருக்கிறது. ராத்திரி மாடு கட்டுத்தறிக்கு, அதாவது வீட்டுத் தொழுவத்துக்கு, வந்துவிட்டால்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாடு ஒரு நாளைக்கு 8 கிலோ காய்ந்த எடைக்குப் புல் தின்பதாக வையுங்கள். வறண்ட புல்லில் பாஸ்பரஸ் (மணிச்சத்து) ஆயிரத்தில் ஒரு பங்கு சொச்சம், ஆக நாளுக்கு 10 கிராம். அதில் பாதி ராத்திரிச் சாணியில் கட்டுத்தறியில் விழுகிறது. 300 நாளில் ஒன்றரை கிலோ. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் அது 20 கிலோ சூப்பர் பாஸ்பேட் மூட்டையில் இருக்கும் மணிச்சத்து. ஒரு மாட்டுக்கு, ஒரு வருஷத்துக்கு. நான்கு மாடு, முப்பது வருஷம் என்று பெருக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கட்டுத்தறிக் குப்பை தோட்டத்துக்குப் போகிறது, தென்னைக்குப் போகிறது, சமயத்தில் லாரி ஏறிக் கேரளத்துக்கே போகிறது. கொறங்காட்டுக்கு ஒரு கூடை திரும்பி வருகிறதா? மேய்ச்சல் காட்டுக்கு எரு போடுவதா என்று சிரிப்பார்கள். இப்படியே ஒரு தலைமுறை போனால் காடு தோட்டத்துக்குச் சம்பளமில்லாமல் உழைத்த கணக்குதான்.

ஆட்டுப்பட்டியைக் காட்டுக்குள்ளேயே போட்டு, சில நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொண்டே போகிற வழக்கம் இந்தக் கணக்கை அழகாக நேர் செய்தது. "ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம்" என்று சொல்வது சும்மா இல்லை. புழுக்கை சின்னது, பரவலாக விழும், சீக்கிரம் கரையும். ஆனால் பட்டி ஆளுக்குக் கூலி, திருட்டு பயம், நாய்க்கடி என்று இப்போது பலர் பட்டியை வீட்டோரமாக நிரந்தரமாக நிறுத்திவிட்டார்கள். அந்த ஒரு மாற்றம் கொறங்காட்டு மண்ணுக்குச் செய்த கெடுதலைக் குளம்பு செய்திருக்காது.

கோமியத்தில் இருப்பது பெரும்பாலும் யூரியா. ஓடைக்கல் கலந்த, சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில், வெயிலில் விழுந்தால் அதில் கணிசமானது அம்மோனியாவாகப் பறந்துவிடும். மூக்கே சொல்லும். பச்சைப் புல் மூடியிருக்கும் ஈர மண்ணில் விழுந்தால் நிறையத் தங்கும். சாணி வேறு கதை. அது மண்ணுக்குள் போக ஆள் வேண்டும். மழைக்காலத்தில் சாணிவண்டு அந்த வேலையைச் செய்கிறது. சாணியைப் புதைக்கத் துளை போடுவதால் காற்றும் தண்ணீரும் உள்ளே இறங்க வழி கிடைக்கிறது, கூலி இல்லாத உழவு. வறண்ட மாதங்களில் அதே வேலையைக் கறையான் எடுத்துக்கொள்கிறது. இதன் அருமை ஆஸ்திரேலியாக்காரர்களுக்குத் தெரியும். அங்கே இருந்த வண்டுகள் கங்காருவின் உருண்டைப் புழுக்கைக்குப் பழகியவை. வெள்ளைக்காரர்கள் மாட்டைக் கொண்டுபோனபோது அதன் சாணியைச் சீந்த ஆளில்லாமல் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடியில் புல் செத்து, ஈ மொய்த்தது. ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் போர்னெமிசா என்ற பூச்சியியலாளர் இதைக் கவனித்துச் சொல்ல, 1960களின் பிற்பகுதியிலிருந்து அவர்கள் வெளிநாட்டிலிருந்து சாணிவண்டைத் தேடிப் பிடித்து இறக்குமதி செய்தார்கள். நமக்கு அது இலவசமாக இருக்கிறது. கெடுக்காமல் இருந்தால் போதும். குடற்புழுவுக்குப் போடும் ஐவர்மெக்டின் மருந்து சாணி வழியாக நாள்கணக்கில் வெளியேறி வண்டுப் புழுக்களைக் கொல்லும். மருந்து தேவையென்றால் போடத்தான் வேண்டும், ஆனால் போட்ட மாட்டை இரண்டு வாரம் காட்டுக்கு விடாமல் கட்டித் தீனி போடலாம்.

இப்போது அந்த வீடியோ. இந்தக் கருத்தை உலகெங்கும் பரப்பியவர் ஜிம்பாப்வேயைச் சேர்ந்த ஆலன் சேவரி. 2013-இல் அவர் பேசிய டெட் (TED) மேடை உரை மிகப் பிரபலம். பெருங்கூட்டமாக மாட்டை ஓட்டி, மிதிக்க வைத்து, வேகமாக நகர்த்தினால் பாலைவனமும் புல்வெளியாகும் என்கிறார். இதில் நகர்த்துவது, ஓய்வு விடுவது என்ற பாதியில் பொருள் இருக்கிறது. மிதிப்பதால் மண் இளகித் தண்ணீர் இறங்கும் என்ற பாதியை டெக்சாஸில் 1980களில் அளந்து பார்த்தார்கள். மிதி கூடக் கூட நீர் இறங்குவது குறைந்தது, அரித்துப்போன மண் கூடியது. அப்புறம், 2008-இல் அமெரிக்க மேய்ச்சல்நில ஆய்வாளர்கள் பல பத்தாண்டுச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மாட்டின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் சுழற்சி மேய்ச்சல் தொடர் மேய்ச்சலைவிட மேலானது என்று காட்ட முடியவில்லை. எண்ணிக்கைதான் முதல் கேள்வி, சுழற்சி இரண்டாவது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். ஆறு ஏக்கருக்குத் தாங்காத மாட்டை வைத்துக்கொண்டு எத்தனை வேலி பிரித்தாலும் ஒன்றும் ஆகாது.

ஐந்து வருஷம் மேய்ச்சலே வேண்டாம் என்பவருக்கும் பதில் சொல்ல வேண்டும். முதல் வருஷம் அற்புதமாக இருக்கும். புல் கதிர் விட்டு விதை கொட்டும், வேர் ஆழம் போகும், மூடாக்கு வரும். இரண்டாவது வருஷம் பழைய தாள் காய்ந்து நின்று புதுத் துளிரை மறைக்க ஆரம்பிக்கும். அதற்கு மேல் விட்டால் தீப்பிடிக்கும் பயம், அல்லது சீமைக்கருவேலம். அதன் காயை ஆடும் மாடும் தின்று விதையைச் சாணியில் போட்டுத்தான் வைத்திருக்கும், நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் கடப்பாரை போதாது, பொக்லைன் வேண்டும். மேய்ச்சலுக்குப் பழகிய புல் மேய்ச்சல் இல்லாமலும் நன்றாக இருக்காது.

கரிமம் கூடுமா என்றும் கேட்பார்கள், கார்பனுக்குக் காசு தருகிறோம் என்று சிலர் அலைகிற காலம் இது. 2013-இல் உலகின் பல புல்வெளி ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கட்டுரை சுவையான ஒன்றைச் சொன்னது. மேய்ச்சல் கூடும்போது குளிர்நாட்டுப் புல்வெளிகளில் மண் கரிமம் சராசரியாக 18 சதவீதம் குறைந்தது. சோளம், கரும்பு இனத்தைப் போல வெயில் விரும்பும் சி4 வகைப் புற்கள் உள்ள இடத்தில் 6, 7 சதவீதம் கூடியது. கொழுக்கட்டைப் புல் சி4 வகைதான். அதற்காகக் குதிக்க வேண்டாம், அது சராசரி. உங்கள் காடு எந்தப் பக்கம் என்பதை மண்ணைத்தான் கேட்க வேண்டும். இரண்டு வருஷத்துக்குள் வரும் மாற்றம் மண் பரிசோதனை அட்டையில் தெரியாது, மண் எடுத்த இடம் பத்தடி தள்ளினாலே அதைவிட அதிகம் மாறும்.

நானாக இருந்தால் இதைச் செய்வேன். ஆறு ஏக்கரை மூன்றாகப் பிரித்து, வருஷத்துக்கு ஒரு பங்கை முதல் மழையிலிருந்து விதை கொட்டும்வரை மூடி வைப்பேன். மற்ற இரண்டில் மேய்ந்து புல் பாதி உயரத்துக்குக் குறைந்ததும் மாட்டை அடுத்ததற்கு மாற்றுவேன். தண்ணீர்த் தொட்டியை நிரந்தரமாகக் கட்டாமல் நகர்த்துகிற தொட்டியாக வைத்தால் சாணியும் கூடவே நகரும். வெற்றுத் திட்டுகளின் மேல் வெட்டிய வேல முள்ளைப் பரப்பி, அடியில் கொஞ்சம் கட்டுத்தறிக் குப்பையும் கொழுக்கட்டை விதையும் போட்டு வைப்பேன், மாடு மிதிக்காது, காற்றில் வரும் சருகும் தங்கும். ஆட்டுப்பட்டியை மழைக்கு முந்தைய இரண்டு மாதமாவது காட்டுக்குள் கொண்டுபோவேன். காட்டை வருஷக் குத்தகைக்கு விட்டிருந்தால் இது எதுவும் நடக்காது. ஒரு வருஷத்துக்குப் பணம் கட்டியவர் அடுத்த வருஷத்து வேருக்காக ஏன் புல்லை விட்டு வைக்கப் போகிறார்? விடுவதென்றால் மூன்று வருஷத்துக்குக் குறைந்து விட வேண்டாம்.

எதையும் செய்வதற்கு முன் ஒரு சோதனை. இரண்டு பக்கமும் திறந்த பெரிய பெயிண்ட் டப்பாவை மண்ணில் நான்கு விரற்கடை இறங்கும்படி பலகை வைத்துத் தட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, முழுதும் இறங்க எத்தனை நிமிஷம் என்று பாருங்கள். அது தீர்ந்ததும் இன்னொரு லிட்டர், அந்த இரண்டாவது நேரம்தான் கணக்கு. இதைக் காட்டின் நடுவே வெற்றுத் திட்டில் ஒன்று, அதே திட்டில் மேலே கட்டிய ஓட்டுப்படலத்தை மட்டும் சுரண்டிவிட்டு ஒன்று, கிளுவை வேலிக்கு அடியில் ஒன்று என்று மூன்று இடத்தில் செய்யுங்கள். வேலியடி மண் உங்கள் தாத்தா காலத்திலிருந்து குளம்பு படாத மண், காற்றில் வந்த புழுதியும் சருகும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுரண்டிய இடத்தில் நேரம் சட்டென்று குறைந்தால் பிரச்சினை ஓடு, புல் மூடாக்கு வந்தாலே சரியாகும். சுரண்டியும் குறையாமல், வேலியடியில் மட்டும் வேகமாக இறங்கினால் மேல்மண் இறுகியிருக்கிறது, வேர் போய் அதைத் திறக்க மூன்று நான்கு மழைக்காலம் ஆகும். மூன்று இடத்திலும் ஒரே நேரம் வந்தால் மேய்ச்சலைக் குற்றம் சொல்லாதீர்கள். ஓடைக்கல் எத்தனை அடியில் தட்டுகிறது என்று தோண்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.